அடுப்புக்கு ஒரு சாக்குத் தொட்டி

எங்கள் களத்தில் டீசல் நாற்றம் நின்றுபோனதில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற ரோட்டில் எங்கள் தேங்காய்க் களம். தேங்காயை உடைத்துக் காயவைத்து, ஓட்டிலிருந்து பருப்பைப் பிரித்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிறோம். அந்த ஓட்டைத்தான் இங்கே தொட்டி என்போம். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. டீசலை எரித்துச் சூடான காற்றை ஊதித்தான் பருப்பைக் காயவைப்போம்.

எண்ணெய் வாங்கும் கம்பெனி ஒன்று 'நெட் ஜீரோ', அதாவது டீசல், கரி எரிக்காத களத்துச் சரக்குதான் வேண்டும் என்று ஆரம்பித்ததும், அக்கம்பக்கத்துக் களத்துக்காரர்கள் "இது வேலைக்காகாதுங்க" என்று நழுவினார்கள். நான்தான் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "நீ பூமியக் காப்பாத்திட்டு வா, நான் போயி லோடு ஏத்தறேன்" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூரைமேல் சோலார் தகடு, டீசலுக்குப் பதிலாகத் தொட்டியை எரித்துக் காற்றைச் சூடாக்கும் புது மெஷின் என்று ஒவ்வொன்றையும் பக்கத்திலேயே நின்று மாட்ட வைத்தேன். ஆனால் அந்த மெஷின் தொட்டியை அள்ளி அள்ளித் தின்றது. எவ்வளவு போட்டாலும் பத்தவில்லை.

எங்கள் பக்கத்துக் களங்களில் ஒரு வழக்கம் உண்டு. தேங்காய் உடைக்க வரும் பெண்கள், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு சாக்குத் தொட்டி அடுப்பெரிக்கக் கொண்டுபோவார்கள். கூலியில் சேராது. அவர்கள் கேட்பதுமில்லை, நாங்கள் கொடுப்பதுமில்லை. எடுத்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். என் மாமனார் காலத்திலிருந்தே அப்படி. அதை நான் நிறுத்தினேன். "இனிமே தொட்டி வெளிய போகக் கூடாதுங்க, மெஷினுக்கே பத்த மாட்டேங்குது" என்றேன். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்கம்மா" என்று காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். சண்டை சச்சரவில்லாமல் முடிந்ததே என்று எனக்கு நிம்மதி. அன்று வேறெதுவும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள், கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்வையிட வந்தார். மெஷின், தகடு, களம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனது. அவருக்குத் திருப்தி. கிளம்பும் நேரத்தில், "இங்க வேலை செய்யறவங்க வீடு ஒண்ணு பார்க்கலாமா?" என்றார்.

களத்துக்குப் பின்னால்தான் காலனி. எங்களிடம் நெடுநாளாகத் தேங்காய் உடைக்கும் ஓர் அக்கா அங்கே இருக்கிறார். மற்ற களத்துக்காரிகள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. அன்று அவருக்கு உடம்பு சரியில்லை, வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கே அதிகாரியைக் கூட்டிப்போனேன். இத்தனை வருஷத்தில் நான் அந்த வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பெரிய அக்கா தங்கைதான்!

உள்ளே போனதும் கண் எரிந்தது. அடுப்பில் பனியன் கம்பெனிக் கழிவுத் துணி எரிந்துகொண்டிருந்தது. சாய நாற்றம், கறுப்புப் புகை. காலி சிலிண்டர் ஒன்று மூலையில் நின்றது. அதன்மேல் துணிமணி மடித்து வைத்திருந்தார்கள். அக்கா இருமிக்கொண்டே எழுந்தார். "ஏனுங்கம்மா, சொல்லி உட்டிருந்தா அடுப்ப அணைச்சுப்போட்டிருப்பனுங்க" என்று அவசரமாக ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். புகை இன்னும் கிளம்பியது.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ஏன் துணியை எரிக்கறீங்க? களத்துல அவ்வளவு தொட்டி கிடக்குதே, தர மாட்டாங்களா?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'நான்தான் நிறுத்தினேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா எடுத்துக்கத்தானுங்க சொல்றாங்க" என்றார். "எங்களுக்குத்தான் சொமந்துட்டு வர சோம்பேறித்தனமுங்க."

அதிகாரி சிரித்தார். பிறகு, புகை நுரையீரலுக்கு எவ்வளவு கெடுதல் என்று அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்துத்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

கம்பெனி எங்களை ஏற்றுக்கொண்டது. என் வீட்டுக்காரர்கூட "பரவாயில்லயே" என்றார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், நானே ஒரு சாக்கில் தொட்டி நிரப்பி அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "எடுத்துக்கங்க அக்கா, எல்லாரும் பழையபடி எடுத்துக்கங்க" என்பதுதான் வாயில் வந்தது.

அவர் சாக்கைத் தொடவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேண்டாமுங்கம்மா" என்றார். "மழ வலுத்தா, மெஷினுக்குப் பத்தலீன்னு மறுக்காவும் நிறுத்த வேண்டி வருமுங்க. இப்பத் துணிக்குப் பழகிப்போட்டமுங்க. அப்பப்ப மாத்திக்க எங்களுக்கு ஆவறதில்லீங்க. வாரனுங்க."

மற்ற பெண்களும் அவர் பின்னாலேயே போனார்கள். நான் அந்தச் சாக்கை இழுத்துக்கொண்டு போய் மெஷினில் கொட்டினேன். தொட்டி நன்றாக எரிந்தது. புகையே வரவில்லை.