இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வைத்திருந்த நத்தை

இன்று காலை எங்கள் மார்க்கையன்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்!

அவர் சரியென்று எழுதினால்தான் எங்களுக்கு ஐந்தாம் வகுப்பு. இல்லையென்றால் பிள்ளைகள் சின்னமனூர் வரை நடக்க வேண்டும்.

அவர் முன்னால் ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். நான் எடுத்துக்கொண்டது 'எலும்பில்லாத பிராணிகள்'. (எனக்கே முதுகெலும்பு இல்லை என்று ஊரில் பேச்சு உண்டு. பாடம் சுலபமாக வரும் என்று நினைத்தேன்.)

நேற்றே வயலில் இறங்கி ஒரு சட்டி நத்தை பொறுக்கி, அடுப்படியில் மூடி வைத்தேன். காலையில் அவசரத்தில் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இன்ஸ்பெக்டருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"பரவாயில்ல மாஸ்டர், நிக்கிறேன்" என்றார். தேனியிலிருந்து மாட்டு வண்டியில் குலுங்கி வந்தவர்! என்ன பணிவு!

சட்டியைத் திறந்தேன்.

வெறும் ஓடு. கழுவி அடுக்கிய வெறும் ஓடு!

"நத்தை எங்க?"

"நத்தைக்கு ஓடுதான் வீடு சார். இது பிடிக்காம வேற வீட்டுக்குப் போயிருச்சு." (அவருக்கே மூன்று டிரான்ஸ்பர் ஆகியிருந்ததாம். புரிந்துகொள்வார் என்ற தைரியம்தான்.)

"அத்தனையுமா?"

அந்த நேரம் பார்த்து என் மனைவி செல்லம்மா தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, ஓட்டுச் சட்டிய எதுக்குத் தூக்கியாந்தீக? சுட்டுச் சுண்ணாம்பாக்கலாம்னுல்ல வச்சிருந்தேன்! கறிய விட்டுட்டு வந்துட்டீகளே!"

"கறியா?"

"மூலத்துக்குத்தான பொறுக்கியாந்தீக? ரெண்டு வாரமா உக்கார முடியலன்னு..."

பிள்ளைகள் முன்னாலேயே! நானும் நத்தையாக இருந்திருந்தால் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நத்தை ஓட்ட மாத்தி வேற ஓட்டுக்குள்ள போகுமா?"

"எந்தக் கூறுகெட்ட ஆளு ஐயா சொன்னது?"

(நான் சுவரைப் பார்த்தேன்.)

"அது கூடவே பொறந்து கூடவே வளர்ற ஓடுங்க. சதை உள்ள ஒட்டியிருக்கும். அவிச்சு, முள்ளால குத்தித் திருகுனாத்தான் வரும். உசுரோட பிச்சா செத்துல்ல போகும்!"

"சரி. வெளிய நீட்டுற காலுக்கு ஓடும் இல்ல, எலும்பும் இல்ல. எப்படி நகருது?"

"கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைக்குக் குழாயாட்டம் தோல் வாலு இருக்குல்லய்யா? சும்மா கெடந்தா தொவண்டு கெடக்கும். தண்ணி நெறஞ்சா வெறச்சு நிக்கும். அதுக்குள்ள எலும்பா வச்சுத் தச்சிருக்கோம்? நத்தைக்கும் உள்ள நீருதான். மிச்சத்தச் சதை இழுத்துப் பாத்துக்கிரும்."

இன்ஸ்பெக்டர் நோட்டில் என்னவோ எழுதினார். பிள்ளைகளை விளையாட அனுப்பச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

தொலைந்தது ஐந்தாம் வகுப்பு என்று நினைத்தேன்.

குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா... அந்தக் கறி நெசமாவே கேக்குமா?"

அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன். வந்ததிலிருந்து காலியாகவே கிடந்தது!

நின்றபடியே அவர் சாப்பிட்டார். நின்றபடியே நான் வேடிக்கை பார்த்தேன்.

ஐந்தாம் வகுப்புக்குச் சரியென்று எழுதிவிட்டார் நண்பர்களே! ரிப்போர்ட்டில் இப்படியும் இருக்கிறது: "நத்தையைப் பற்றி ஆசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர் மனைவிக்குத் தெரிகிறது. இப்பள்ளியை வாரம் ஒருமுறை பார்வையிடுதல் அவசியம்."

எங்கள் வயலில் நத்தை தீர்ந்துவிட்டது. உங்கள் பக்கம் கிடைக்குமா? இரண்டு பேருக்கு வேண்டும்!