பூட்டியிருந்தால் அடுத்த கடை

எங்கள் அக்கா வணிகவியலில் முனைவர் பட்டம் வாங்கப் போகிறாள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையே வரவில்லை, வயிறுதான் எரிகிறது. ஏன் என்று கேட்பவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

கல்யாணமானதிலிருந்து அத்தானின் எலக்ட்ரிக் சாமான் கடையில் உட்கார்ந்தவள் அவள். பல்பு, வயர், சுவிட்ச், ஃப்யூஸ். அத்தான் தங்கமான மனுஷன், ஆனால் கடைக்கு லாயக்கில்லாதவர். யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் போதும், கேட்ட விலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். எந்தச் சாமான் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதே அக்காவைக் கேட்டால்தான் அவருக்குத் தெரியும்.

அந்த அத்தான்தான் அவளைப் படிக்கவும் அனுப்பினார். "எவ்வளவு காலம் இந்த வயரோட மல்லுக்கட்டுவ? மேல படிக்கணும்னு ஆசப்பட்டவதானே நீ? போ, கடைய நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொண்டார், ரொம்ப அழகாக!

ஆராய்ச்சி முறை என்று முதலில் ஒரு பாடம் வைத்திருந்தார்கள். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அதற்கே ஏகப்பட்ட விதி. கேட்கிறவர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக் காட்டினால், எதிராளி ஐந்து பதிலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் முழுசாக மறுக்கிறார், ஐந்து என்றால் முழுசாக ஒத்துக்கொள்கிறார், மூன்று என்றால் இரண்டும் இல்லை.

"அந்த நடுப்பதில்தான்டி வம்பு" என்றாள் அக்கா. "தெரியாதவங்களும் அதத்தான் சொல்லுவாங்க, சொல்ல மனசில்லாதவங்களும் அதத்தான் சொல்லுவாங்க." நான் நன்றாகக் கொட்டாவி விட்டேன்.

சின்னக் கடைகள் எதனால் தாக்குப்பிடிக்கின்றன என்பது அவள் தலைப்பு. கடைத்தெருக்களில் ஒன்று விட்டு ஒரு கடையாக ஏறி இறங்கினாள். எடுக்க வேண்டிய கடை பூட்டியிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவது என்று தனக்கே ஒரு விதியும் போட்டுக்கொண்டாள். கூரியர் ஆபீசில் தட்டித் தட்டி எனக்குக் கை வேகம், அதனால் விடுமுறை நாளில் பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் தலையில் விழுந்தது.

அத்தான் அங்கே கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் "அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! "எல்லாம் ஓடுது, நீ படிப்பப் பாரு" என்பார். மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும் எனக்கு. ஆனால் கடைப் பக்கம் போய் எல்லாவற்றையும் பார்த்த நானும்தான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அக்கா சர்வேக்காக அந்தக் கடை இருக்கும் தெருவுக்கே போனாள். அத்தான் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்தாளாம். சொந்தக்காரர் கடை, போதாக்குறைக்குப் பூட்டிய கடை. விதிப்படி அடுத்த கடையில் ஏறிவிட்டாள். சாயங்காலம் காப்பி கொடுக்கும்போதுதான் அத்தான் சொன்னார், "இனிமே திறக்கப் போறதில்லமா" என்று.

இப்போது அவருக்கு ஒரு பெரிய ஸ்டோரில் வேலை. பல்பு அடுக்கியிருக்கும் வரிசையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கால் வீங்கிப்போய் ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தக் காலைப் பார்க்கவே அக்காவுக்கு முடியாது. கடையைத்தான் தொலைத்தாயிற்று, பட்டமாவது கைக்கு வர வேண்டுமே என்று வெறி பிடித்தவள் மாதிரி எழுதினாள்.

எழுதி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், வழிகாட்டி மேடம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். "மூடின கடைங்க எங்கம்மா? பொழச்சவங்கள மட்டும் கேட்டுட்டு, எதனால பொழச்சாங்கன்னு எப்படிச் சொல்லுவ? மூடினவங்களையும் தேடிப் பிடி. இல்லேன்னா இத நான் அனுப்ப மாட்டேன்."

அடக் கொடுமையே! பூட்டியிருந்தால் அடுத்த கடை என்ற அந்த ஒரு விதியில் அத்தனை உழைப்பும் போயிற்று.

பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னொருவர், "கடை இருந்தப்ப எட்டிப் பாக்கல, மூடினதுக்கு சர்வே எடுக்க வந்துட்டீங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். கேட்க வேண்டியதுதானே! பதில் சொன்னவர்கள் கொஞ்சப் பேர். 'வீட்டில் இருப்பவர்கள் கடைக்கு உழைப்பது குறைந்ததால் கடையை மூட வேண்டியதாயிற்று' என்ற வாக்கியம் வந்ததும் அத்தனை பேரும் மூன்று என்றார்கள். கதவோரம் அவரவர் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். வேறென்ன சொல்வார்கள்?

மேடம் கேட்ட கணக்குக்கு இன்னும் ஒருவர் குறைந்தார். ஸ்டூலில் கால் நீட்டியிருந்த அத்தான், "என்னைக் கேளேன்" என்றார்.

"சொந்தக்காரங்களக் கேக்கக் கூடாதுங்க."

"அப்ப நான் கடைக்காரன் கணக்குலயே வரமாட்டேனா?"

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மேடத்துக்குப் போன் போட்டாள். உறவு என்று கீழே குறிப்புப் போட்டுவிட்டுக் கேட்கச் சொன்னார்.

அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால். வாடகை, போட்டி, சரக்கு என்று வரிசையாகப் படித்தாள். அத்தான் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த வாக்கியம் வந்தது. அதையும் முழுசாகப் படித்தாள்.

அத்தான் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு போட்டுக்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், பொய் சொல்லாதீங்க!"

"குறுக்கப் பேசாதடி. எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்று அக்கா என்மேல் பாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அஞ்சுன்னு சொன்னாலும் நான் எழுதிக்குவேங்க."

"மூணுதான்மா."

"மூணு போடு" என்றாள் என்னிடம். போட்டேன்.

போன வாரம் மேடம் ஆய்வை அனுப்பச் சம்மதித்துவிட்டார். கணக்கில் என்ன வந்ததோ அதைத்தான் எழுத வேண்டுமாம். குடும்பத்தாரின் உழைப்பு குறைந்ததற்கும் கடை மூடியதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று அக்கா தன் கையால் எழுதினாள். மேடம் அந்த வரியைத்தான் புது முடிவு என்று பாராட்டினாராம்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த அத்தான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "அதான் புத்தகத்துலயே போட்டாச்சே, உன்னால இல்லன்னு" என்றார்.