பின்பக்கத்து அடுப்பு

வவுனியாவில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரம் போனால் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் வேறொரு ஆட்சி. தொண்ணூறுகளின் நடுவில் சண்டைக்குத் தப்பிய சனம் அந்த வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூடங்கள் நிரம்பிய பிறகு வீடுகள் நிரம்பின. எங்கள் முன்னறைக்குக் கிளிநொச்சியிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சரும் அவரின் கணவரும் கைக்குழந்தையும் வந்தார்கள்.

ரீச்சர் எல்லாவற்றுக்கும் கேட்பார். "அக்கா, கொஞ்சம் உப்பு எடுக்கட்டோ?" "அக்கா, இப்ப தண்ணி அள்ளலாமோ?" கேட்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அம்மா களைத்துப்போனார். பிறகு ஒருநாள் ரீச்சர் பின்வளவில் மூன்று கல் வைத்துத் தனியாகச் சமைக்கத் தொடங்கினார். அம்மாதான் அவரை வெளியே அனுப்பிவிட்டார் என்று எனக்குக் கோபம்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. அவதான் தனக்கொரு அடுப்பு வேணுமெண்டவ" என்றார் அம்மா.

எனக்கு விளங்கவில்லை. ஆனால் பின்னேரங்களில் நாங்கள் எல்லோரும் அந்த அடுப்படிக்குத்தான் போவோம். ரீச்சர் சுடச்சுட ரொட்டி தட்டித் தருவார். எங்கள் சமையலறைக்குள் முணுமுணுத்த அதே பெண், அங்கே வாய்விட்டுச் சிரிப்பார்.

கலியாணம் முடித்து நான் ஆக்லாந்துக்கு வந்தபோது, அங்கே கிளென் ஈடன் பகுதியில் மன்னார்க்காரர் ஒருவரின் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. அந்த வீட்டு அன்ரி தங்கமானவர். ஆனாலும், "அன்ரி, ஃபிரிட்ஜைத் திறக்கட்டோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் அன்ரி வேலைக்குப் போயிருந்த நேரம் கருவாடு பொரித்தேன். புகை மேலே போனதும் கூரையிலிருந்த அலாரம் அலறத் தொடங்கியது. எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஓடிவந்து, கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் குத்தி அதை நிறுத்திவிட்டுப் போனார். அன்ரி வந்தபோது கதவு யன்னலெல்லாம் திறந்துவைத்து அழுதுகொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளை, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைச்சனியோ?" என்று கேட்டார் அன்ரி. பிறகு கராஜிலிருந்து ஒரு சின்ன காஸ் அடுப்பை எடுத்துவந்து பின்பக்கம் வைத்தார். "இது உன்ரை. என்னத்தையும் பொரி."

அடுத்த நாள் குளிர்காற்றில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அங்கே சமைத்தேன். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ரீச்சர் ஏன் வெளியே போனார் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெயரி என்கிற மூலைக்கடையில் போன் கார்ட் வாங்கி வவுனியா வீட்டுக்குக் கோல் எடுத்தேன். ரீச்சரை நான் கேட்டதும் அம்மாவுக்கு ஆச்சரியம். இன்னும் எங்கள் முன்னறையிலேயே இருந்த ரீச்சர் வந்து பேசினார்.

"சொல்லுங்கோ தங்கச்சி. அங்க நல்ல குளிராமே? என்ன சமைச்சனீங்கள்?"

கருவாட்டுக் கதையைச் சொன்னேன். அலாரம் அலறிய இடத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். கார்டில் இருந்த நேரமெல்லாம் அந்தச் சிரிப்பிலேயே போனது.