ஏணிக்கு முன்னால் கழற்றிய செருப்பு

இன்று மதியம் மகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக ஆஸ்டினில் ஒரு லத்தீனோ ஆர்ட் சென்டருக்குப் போனோம். எனக்கு டிரைவர் வேலை மட்டும்தான்.

ஓர் அறையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தரையிலிருந்து கூரை வரை ஓர் அலுமினிய ஏணி. படிக்குப் படி செண்டுமல்லி. உச்சியில் அடிபட்ட ஹெல்மெட். கீழே ஒருவருடைய போட்டோ, மெழுகுவர்த்தி, தட்டில் ஆவி பறக்கும் டாக்கோ, மெக்சிகோக்காரர்களின் மடித்த ரொட்டி.

கால் தானாகச் செருப்பைக் கழற்றியது.

மகளுக்கு மானம் போயிற்று. "அம்மா, திஸ் இஸ் நாட் அ டெம்பிள்!"

"தெரியும்டி. செருப்போட உள்ள போக மனசு வரல."

மூலையிலிருந்து ஒரு பெண் வந்தார். அதை உருவாக்கிய கலைஞர். போட்டோவில் இருப்பது அவருடைய மறைந்த அப்பாவாம், ஏணியும் அவருடையதாம். இந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவராம்.

என் வெறுங்காலைப் பார்த்தார். குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினார்.

பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். கடைசியில் என் மகளும். எனக்குப் புல்லரித்துவிட்டது.

வெளியே வந்தால் எல்லோருடைய செருப்பும் ஜோடி ஜோடியாக இருந்தது. என்னுடையது மட்டும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே!

உண்மையைச் சொல்லுங்கள், நான் மட்டும்தானா?