வாலில் மஞ்சள் வைத்த எலி

விரல் நுனியில் அந்த மஞ்சள் ஏறினால் ஒரு வாரம் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அப்படியே நிற்கும். வெள்ளெலிகளை அடையாளம் தெரிய அந்தச் சாயத்தைத்தான் பூசுவோம்; ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். எமர்ஜென்சி முடிந்த சமயம். மட்டாஞ்சேரியில் மருந்து வேர் வியாபாரம் செய்த ஒரு கம்பெனியின் மாடியில் எனக்கு அந்த வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவள், பள்ளுருத்தியிலிருந்து நடந்தே வருவேன். எர்ணாகுளத்திலிருந்து படகில் வருவார் டீச்சர். முன்பு காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

காட்டிலிருந்து வந்த ஒரு வேரைக் காய்ச்சிய சாறு. மூட்டுவலிக்கு நல்லது என்று முதலாளி விற்கத் துடித்தார். அது விஷமா இல்லையா என்று டீச்சர் பார்க்க வேண்டும். கூண்டுக்கு ஒன்றாகப் பத்து எலிகளுக்குக் கொடுத்துவிட்டுப் பதினாலு நாள் காத்திருப்பது முறை. மூன்றாம் நாள் காலை நான்தான் முதலில் வந்தேன். வாலில் மஞ்சள் வைத்தது விறைத்துக் கிடந்தது. அதன் தண்ணீர்க் குப்பியும் காலி. முந்தின நாள் சாயங்காலம் நிரப்பினேனா இல்லையா, நினைவில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். சாறு கொடுக்காத எலிகளில் ஒன்றை எடுத்து, வாலில் மஞ்சள் பூசி, அந்தக் கூண்டில் விட்டேன். செத்ததைக் காகிதத்தில் சுற்றிக் காயலில் போட்டேன்.

பதினாலாம் நாள், பத்தும் உயிரோடு என்று டீச்சர் எழுதினார். ஆட்களுக்குக் கொடுக்கும் முன் தானே ஒரு வாரம் குடித்துப் பார்ப்பதாகச் சொன்னார். முழங்கால் வலியோடு அந்த மாடிப்படி ஏறுகிறவர். அவுன்ஸ் கிளாஸ் அவர் உதட்டருகே போனபோதுதான் என் வாய் திறந்தது.

கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "இதுக்கு முன்னாடி எத்தனை மாத்தியிருக்கே, மோளே?" என்றார். இது ஒன்றுதான் என்றேன். நம்பினாரா, தெரியாது. அந்த வருஷத்து நோட்டு முழுவதையும் பக்கம் பக்கமாகக் கோடு போட்டு அடித்தார். முதலாளி கத்தியதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். என் பெயரை எடுக்கவில்லை.

எல்லாம் முதலிலிருந்து. மாதக்கணக்கில் அதே படி, அதே கூண்டு, அதே நாற்றம். இருவருமே களைத்துப் போனோம். அந்த வேரின் முறை மறுபடி வந்தபோது ஒவ்வொரு குப்பியையும் தினம் மூன்று தடவை பார்த்தேன். நாலு எலிகள் செத்தன. எல்லாக் குப்பியிலும் தண்ணீர் இருந்தது.

டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா, வேருதான். நீ கொல்லலை."

என் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னார். எனக்கோ அந்த கிளாஸ்தான் கண்ணில் நின்றது.

டீச்சர் போய் வருஷங்களாயிற்று. இப்போது மகள் மருந்து வாங்கி வந்தால், "எல்லாம் டெஸ்ட் பண்ணித்தாம்மா விக்கிறாங்க, பேசாம முழுங்கு" என்கிறாள். முழுங்குகிறேன். அந்த மருந்தைச் சோதித்த எலிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ என்று மகளிடம் கேட்பதில்லை.