தாலாட்டுக் குளிசை

தினமும் ஒரு குளிசை விழுங்குவதும் ஒரு உத்தியோகம்தான். லீவு கிடையாது, பென்சனும் கிடையாது. ஈரலில் ஹெபடைட்டிஸ் பி குடியிருக்கும் சகபாடிகளே, உங்களுக்குத் தெரியாததா? இணுவிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என் வெளிவேலை. இது உள்வேலை. சேர்ந்து ஆறு வருடமாகிறது.

நித்திரையில் இருப்பவர்

இரத்ததான முகாமில் நான் கொடுத்த இரத்தம் வேண்டாம் என்று சொல்லப்பட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மேலும் சில பரிசோதனைகள் செய்தார்கள். கிளினிக்கில் டொக்டர், என்னைவிடப் பத்து வயது இளைய பெண், ரிப்போட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் வளரும்வரை இருப்பேனா என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்ததோ, “இனிப் பாடலாமோ?”

“வடிவாப் பாடலாம், ரீச்சர். கிருமியை முழுசாத் துரத்திறது கஷ்டம், நித்திரையாக்கி வைக்கலாம். இந்தக் குளிசைதான் தாலாட்டு. என்னைக் கேக்காமல் பாட்டை நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

தனிக் கோப்பை

வீட்டுக்கு வந்ததும் எனக்கென்று ஒரு கோப்பை, ஒரு தட்டு ஒதுக்கி வைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானே என்னை ஒதுக்கிக்கொண்டேன். கணவருக்கும் மகளுக்கும் பரிசோதித்துத் தடுப்பூசியும் போட்டு முடிந்த பிறகுகூட அந்தக் கோப்பையை விடவில்லை. ஒரு பின்னேரம் அதைக் காணவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு, அதில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் அவர். பறிக்கப் போனேன். அவர் கையை எட்டத்துக்கு நீட்டிக்கொண்டார்.

“தேத்தண்ணிக் கோப்பையாலை உது தொத்தாது எண்டு டொக்டர் உமக்கு முன்னாலைதானே சொன்னவ? இருக்கிறதுக்குள்ளை நல்ல கோப்பையை நீர் எடுத்து வைச்சிட்டு, எங்களுக்கு உடைஞ்சதைத் தாறீர்.”

ஒரே வருத்தம்

கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு மயக்கம் வரும். மின்விசிறி சுற்றும், பெயர்கள் எங்கோ தூரத்தில் கூப்பிடப்படும், கண் திறந்தபடியே கனவு ஓடும். அப்படி இருந்தபோது பக்கத்தில் இருந்த கொழும்புத்துறை மீன்பிடிகாரர் என்ன வருத்தமென்று கேட்டார். “காஸ்ரிக், வயித்தெரிவு” என்று புளுகினேன். கை தவறி என் பையிலிருந்து குளிசைப் போத்தல் உருண்டது. எடுத்துத் தந்தவர், தன் சட்டைப் பையிலிருந்து அதே போத்தலை எடுத்துக் காட்டினார்.

“எனக்கும் உதே காஸ்ரிக்தான், தங்கச்சி. பதினொரு வருசமா இதோடைதான் கடலுக்குப் போய் வாறன்.”

விரதம்

போன கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருந்தேன். குளிசை போட்டால் விரதம் முறிந்துவிடும் என்று நினைத்து அதையும் நிறுத்தினேன். பட்டினியில் உடம்பு மிதந்தது. கோயில் மணி எனக்குள்ளேயே அடிப்பது போலிருந்தது. பாறணை முடிந்து சாப்பிட்ட பிறகும் அந்த லேசு போகவில்லை. சுகமாய்த்தானே இருக்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் குளிசை இல்லாமலே போகட்டும் என்றேன். இரண்டு மாதம் போனது. பிறகு படியேற முடியாத களைப்பு வந்தது. சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனது. ஈரல் ரிப்போட்டில் எண்கள் பல மடங்கு ஏறியிருந்தன. மகளின் முகத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

டொக்டர் ஏசவில்லை. அன்றே குளிசையைத் திரும்பத் தொடங்கி, வாராவாரம் இரத்தம் எடுத்தார். எண்கள் ஒவ்வொரு படியாக இறங்கி, மூன்றாம் மாதம் பழைய இடத்துக்கு வந்தன. அன்றுதான் பேனையை மூடிவைத்துவிட்டு, குளிசையை எப்படிப் போடச் சொல்லியிருந்தார் என்று என்னிடமே கேட்டார். “விடியவெள்ளென, வெறுவயித்திலை. போட்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டும் சாப்பிடக் கூடாது” என்று ஒப்புவித்தேன்.

“அப்ப உந்தக் குளிசை உங்களிலும் பெரிய விரதகாரி, ரீச்சர். அதைப் போயே விரதத்துக்காக நிப்பாட்டினியள்?”

விடியற்காலை

இப்போது கோயில் மணி அடிக்கும்போதே எழும்பி, ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிடுவேன். மகளுக்குப் பதினைந்து நடக்கிறது. எல்லாம் தெரிந்தவள். மறக்க நான் தயாராக இருந்தாலும் அவள் விடமாட்டாள். போர்வைக்குள்ளிருந்தே, கண்ணைத் திறக்காமல் கேட்பாள்.

“அம்மா, தாலாட்டுப் பாடியாச்சோ? பாடினால்தான் நான் எழும்புவன்.”

ஆக, பிள்ளை எழும்ப வேண்டும், கிருமி எழும்பக் கூடாது, பாடுகிறவள் மட்டும் ஒருநாளும் கண்ணயரக் கூடாது என்பதுதான் என் உத்தியோகம்.