சங்கு ஊதினால் பூட்டும் கேட்

எங்கள் வரலாற்றுக் குழு பார்க்கப் போன அருங்காட்சியகம் ஒரு காலத்தில் நூல்மில். பழைய சங்கை ஊதிக் காட்டச் சொன்னது நாங்கள்தான். ஊதியதுமே, மில் ஓடிய நாளிலிருந்து அங்கேயே இருக்கும் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார். கழுத்துவரை பட்டன் போட்ட காக்கிச் சட்டை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தொறங்க, ராசிபுரம் பஸ் போயிரும்" என்றேன்.

"சங்கு ஊதுனா பூட்டோணுங்க. சிப்டு முடியாம யாரையும் உடக்கூடாது."

"மில்லுதான் மூடியாச்சே!" என்று கத்தினேன்.

"எம்புள்ள பொறந்தன்னைக்கே நான் வெளிய போவலீங்க" என்றார் நிதானமாக.

அரைமணி நேரம் கெஞ்சிய பிறகு திறந்தார். நாங்கள் வெளியேறியதும், உள்ளே நின்றபடியே மறுபடி பூட்டினார். அவருடைய ஷிப்ட் எப்போது முடியுமென்று நான் கேட்கவில்லை.